விரட்டிய வீடும் விரிந்த கரமும்

“குடும்பம் ஒரு கோயில்!” என்கின்றனர். மணமேடை வாழ்த்துரைகளில் மறவாமல் சேர்க்கின்றனர். நாட்காட்டித் தாளில் அச்சிட்டுச் சுவரில் மாட்டுகின்றனர். நாம் மறுக்கப் போவதில்லை. கோயில்தான்! கருவறைக்குள் யார் போகலாம், வாயிலில் யார் நிற்கலாம், வீதியோடு யார் நின்றுவிட வேண்டும் என்று பிறப்பைப் பார்த்து வகுத்துக் காட்டும் இடத்துக்கு அந்தப் பெயர் பொருத்தந்தானே!

பெற்ற பிள்ளை, பெற்றோர் மனத்தில் வரைந்து வைத்த படம்போல் வளரவில்லை. மகன் என்று பெயரிட்டார்கள்; தான் மகள் என்கிறது பிள்ளை. மருமகன் வருவான் என்று பந்தலுக்குக் கால் நட்டார்கள். தோழியோடுதான் வாழ்வேன் என்கிறாள் பெண். அன்றோடு கோயில் நடை சாத்தப்படுகிறது. உறவு, உடைமை, ஊர், உணவு எல்லாம் ஒரே இரவில் இல்லையென்று ஆகின்றன. பெற்ற வயிறு பற்றி எரிகிறதாம்! எரியட்டும். அந்த நெருப்பில் வேகிறவர் யார் என்பதே நம் கேள்வி.

அப்படி வெளியே தள்ளப்பட்டோர் தெருவிலேயே மடிந்துவிடவில்லை. தம்போல் தள்ளப்பட்டோரைத் தேடினர், கண்டனர், கை கொடுத்தனர். இரத்தம் இணைக்காத இடத்தில் இரக்கம் இணைத்தது. தாயென்று ஒருத்தியை ஏற்றனர், மகளென்று ஒருத்தியை எடுத்தனர், அடுப்பு மூட்டினர், அது வீடாயிற்று. அந்த வீடுகளின் கதையைச் சொல்லும் நூல்கள் பல இன்று வந்துள்ளன. அவற்றைப் பகுத்தறிவு பேசும் இளைஞர் ஒவ்வொருவரும் படித்தாக வேண்டும் என்று கூறவே இக்கட்டுரை.

ஆணென்று ஊர் குறித்து வைத்த உடலில் பெண்ணாக வாழ்வோர், பெண்ணென்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்வோர், தம் பாலினத்தவரையே காதலிப்போர் ஆகிய எல்லோரையும் சேர்த்துப் பால்புதுமையர் என்ற சொல்லால் இன்று தமிழில் குறிக்கிறோம். சொல் புதிது, மனிதர் புதியவரல்லர். அவர்களுடைய கதைகள் நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்கள் உளர். எதற்கு என்று சொல்கிறோம், கேண்மின்!

நாம் வாழ்வது காங்கேயத்தில். எம்மூர்க் காளைக்கு நாடறிந்த பெயர் உண்டு. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் திமிலைப் பார்ப்பர், கொம்பைப் பார்ப்பர், பல்லைப் பிடித்துப் பார்ப்பர், எந்தப் பட்டியில் பிறந்தது, எந்தக் காளைக்குப் பிறந்தது என்று விசாரிப்பர். மாட்டுக்கு அது முறை. ஆனால் அதே கண்ணோடு வீடு திரும்பி, பெற்ற மகனையும் மகளையும் பார்க்கிறார்களே, அதுதான் கொடுமை! என்ன சாதி, என்ன கூட்டம், எந்தக் குலதெய்வம், யார் பங்காளி, யார் மாமன் மச்சான் என்ற கணக்கெல்லாம் எதற்கு? வம்சம் கலையாமல் இருக்க வேண்டும். சொத்து கைமாறாமல் இருக்க வேண்டும். சந்தையிலே காளை, மணவறையிலே மாப்பிள்ளை. வேற்றுமை என்ன? காளைக்கு மூக்கணாங்கயிறு கண்ணுக்குத் தெரிகிறது!

அந்தக் கயிற்றை அறுத்தவர்க்குக் கொங்கு மண் என்ன தந்தது? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், ஊரார் கண்ணெதிரே, சங்கர் என்ற இளைஞர் வெட்டிச் சாய்க்கப்பட்டார். சாதி கடந்து காதலித்து மணந்தார் என்பதைத் தவிர அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. குடும்ப மானம் என்ற சொல்லுக்குள் ஓர் அரிவாள் இருக்கிறது என்பதை அன்று நாடு கண்டது.

சாதி மீறிய மகளைக் கொல்லத் துணியும் அந்த மானந்தான், தன்னைப் பெண்ணென்று சொன்ன மகனை அடித்து விரட்டுகிறது. மந்திரவாதியிடம் இழுத்துச் செல்கிறது. மருந்து கொடுத்து மாற்றப் பார்க்கிறது. ஓங்கும் கோல் ஒன்றுதான்; அடிபடும் முதுகுதான் வேறு வேறு. ஒரு முதுகுக்காக முழங்கிவிட்டு, மற்றொரு முதுகைக் கண்டு முகம் திருப்புவோமானால், நாம் எதிர்ப்பது கோலை அன்று. அது பிடித்திருக்கும் திசையை மட்டுமே!

இனி எதிர்ப்புகளைப் பார்ப்போம்.

“இதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி, தமிழ்ப் பண்புக்கு ஆகாது” என்கிறார் பண்பாட்டுக் காவலர். எந்தப் பண்பு ஐயா? தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் வகுத்தபோது, ஆண்மை திரிந்து பெண்மை சுட்டி நின்றோரையும் உயர்திணையில் வைத்து இலக்கணம் சொன்னார். உயர்திணை என்றது இலக்கணம். ‘அது வருகிறது பார்’ என்று அஃறிணையில் பேசுகிறது தெரு! தமிழ்ப் பண்பை அழித்தவர் யார்?

திருச்செங்கோட்டு மலையேறுகின்றனர். அங்கே பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கும் சிலைக்குக் கற்பூரம் காட்டுகின்றனர், கன்னத்தில் போட்டுக்கொள்கின்றனர். மலையிறங்கி வந்தால், பேருந்து நிலையத்தில் கைதட்டிக் காசு கேட்கும் உயிருள்ள உருவத்தைக் கண்டு காறி உமிழ்கின்றனர். கல்லாக நின்றால் கடவுள். உயிரோடு வந்தால் இழிவு! கூவாகத்தில் ஆண்டுக்கொரு முறை அரவானுக்கு மணப்பெண் என்று தாலி கட்டி, மறுநாள் அதை அறுத்து அழவைத்து வேடிக்கை பார்க்க ஊரே கூடுகிறது. இல்லாத கடவுளுக்கு ஒருநாள் மனைவியாக ஏற்கத் தயங்காத நாடு, இருக்கும் மனிதருக்கு ஒருநாளும் அண்டை வீட்டாராக ஏற்கத் தயங்குவானேன்?

இறக்குமதி எது என்று கேட்டால் சொல்வோம். தன்பால் காதலைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு, வெள்ளையன் 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்தில் வந்தது. அந்தச் சரக்கு 158 ஆண்டு இங்கே இருந்தது. மனமொத்த வயதுவந்தோரின் உறவு குற்றமாகாது என்று 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்புக் கூறிய பிறகே ஒழிந்தது. காதல் கப்பலேறி வரவில்லை; சிறைச்சாலைதான் கப்பலேறி வந்தது!

தேர்ந்தெடுத்த சுற்றம் என்ற கருத்தும் நமக்குப் புதிதன்று. பாரி மடிந்தபின் அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு, அரசன் வாயில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார் கபிலர். அவர் பெற்றவருமல்லர், உற்றாருமல்லர், நண்பர். மதுரையில் கண்ணகிக்கு இடங்கொடுத்த ஆயர் மகள் மாதரி, அடைக்கலம் வந்தோரைக் காக்க முடியவில்லையே என்று எரியில் புகுந்தாள் என்கிறது சிலம்பு. தாயாகப் பெறாதவள், தாயினும் மிகுதியாகத் துடித்தாள். பெறாத பிள்ளைக்குப் பெற்றோராகும் பேருள்ளத்தைக் காப்பியமாக்கிப் போற்றிய மொழி, இன்று திருநங்கையொருத்தி மற்றொருத்தியை மகளாக எடுத்தால் எள்ளி நகையாடலாமா?

எனவே, ஏடுகளுக்கு வருவோம்.

வாசல் திறந்தவை என்று இரண்டைச் சொல்லலாம். கரிசல் எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் ‘கோமதி’ சிறுகதை. பெண்மை மிகுந்த சமையற்காரன் ஒருவனின் ஆசையை, ஏக்கத்தை, ஏளனமின்றிச் சொன்னது. பிறகு சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’. 1990இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அந்த எழுத்தாளர், 1990களின் முற்பகுதியில் ஆனந்த விகடனில் தொடராக எழுதி வந்த நாவல் அது. பொறியியல் பயிலும் சுயம்பு, வீட்டாலும் கல்லூரியாலும் வெளியே தள்ளப்பட்டு, மேகலையாகி, தன்னைப் போன்றோரிடம் தாயையும் தோழியரையும் பெறும் கதை. வார ஏட்டில் வந்ததால், அதுவரை இம்மக்களைத் திரைப்படக் கேலிக் காட்சியில் மட்டுமே கண்ட இல்லங்களுக்குள் அது நுழைந்தது. வெளியே நின்று எழுதியவரின் கை அது. சில இடங்களில் அறிவுரை மிகும், சில இடங்களில் கண்ணீர் மிகும். ஆயினும் கதவைத் தட்டிய கை அது. போற்றுவோம்.

அடுத்து, உள்ளே இருந்தோரே பேசத் தொடங்கினர். இங்கேதான் இலக்கியம் தன் முழு உயரத்துக்கு எழுந்தது. நாமக்கல் மாவட்டத்துச் சிற்றூரில், நம் கொங்கு மண்ணிலேயே பிறந்தவர் ரேவதி. அவருடைய தன்வரலாறு 2010இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பின்னர் ‘வெள்ளை மொழி’ எனத் தமிழில் வந்தது. நம் வட்டாரத்து வீடு, நம் வட்டாரத்து வசவு, உடன்பிறந்தோரின் அடி, ஊரைவிட்டு ஓடிய இரவு எல்லாம் அதில் உண்டு. தொலைதூரத்துக் கதையென்று தப்பிக்க வழியில்லை. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ 2007இல் வந்தது. மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர், புனே நகரத்து இரயில்களில் கையேந்தி நின்ற வரலாறு. பட்டம் பெற்றால் விடுதலை என்று மாணவரிடம் சொல்லிக்கொண்டிருக்கும் ஆசிரியர் அனைவரும் அந்த ஏட்டின் முன் தலைகுனிய வேண்டும். பிரியா பாபு 2008இல் ‘மூன்றாம் பாலின் முகம்’ என்ற நாவலைத் தந்தார். திருநங்கை எழுதிய தமிழ் நாவல்! பொள்ளாச்சியில் பிறந்த கல்கி சுப்பிரமணியம் ‘குறி அறுத்தேன்’ என்று கவிதை நூலுக்குப் பெயரிட்டார். அந்தப் பெயரைப் படிக்கும்போதே சிலருக்கு முகம் சுளிக்கும். சுளிக்கட்டும், அறுத்தவருக்கு வலித்ததைவிடவா?

கதை நூல்களில் நாம் முதலில் கையில் கொடுப்பது, அருந்ததி ராய் 2017இல் எழுதியதும் ஜி. குப்புசாமி தமிழாக்கியதுமான ‘பெருமகிழ்வின் பேரவை’. பழைய டெல்லியில் அஃப்தாப் என்று பெயரிடப்பட்டு, அஞ்சுமாக வளர்ந்தவள், திருநங்கையர் இல்லத்தில் அடைக்கலம் பெறுகிறாள். குஜராத்தில் மதவெறிக் கொலைகளின் நடுவே சிக்கி, உயிரோடு மீண்டும் உள்ளம் மீளாதவளாகத் திரும்புகிறாள். பிறகு என்ன செய்கிறாள்? இடுகாட்டில் போய்க் குடியேறுகிறாள்! கல்லறைகளுக்கிடையே அறை அறையாகக் கட்டுகிறாள். மாட்டைக் காரணங்காட்டித் தந்தையைக் கும்பல் கொன்றுவிட்ட தலித் இளைஞன் வருகிறான். யாரும் ஏற்காத குழந்தை வருகிறது. நாட்டின் போர்களில் நொந்த பெண் வருகிறாள். எல்லாரையும் அது ஏற்கிறது. சாதி கேட்டதா? மதம் கேட்டதா? உயிரோடு இருப்போர் ஊரில் இடமில்லை என்றபோது, செத்தோர் ஊரில் சமத்துவம் கண்டார்கள்! நாம் மேடையில் ஆயிரம் முறை சொன்ன சமூகத்தை, ஒரு நாவலாசிரியர் இடுகாட்டில் கட்டிக் காட்டிவிட்டார்.

ஈழத் தமிழர் நினைவோடு படிக்க வேண்டியது ஷியாம் செல்வதுரை 1994இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ஃபன்னி பாய்’. கொழும்பிலே, பிள்ளைகளின் கல்யாண விளையாட்டில் மணமகளாகச் சேலை உடுத்தி மகிழ்ந்த அர்ஜி என்ற தமிழ்ச் சிறுவன், ‘நீ ஆண் பிள்ளை’ என்று விரட்டப்படுகிறான். வீட்டுக்குள் இவன் சிறுபான்மை. வீட்டுக்கு வெளியே 1983 ஜூலைத் தீயில் அந்த வீடே சிறுபான்மை! இனவெறியால் வீடிழந்தோர், அதே வீட்டுக்குள் ஒரு பிள்ளையை வீடற்றவனாக வைத்திருந்தார்கள் என்ற உண்மையை அந்நூல் கூச்சலின்றிச் சொல்கிறது. ஒடுக்கப்பட்டவன் ஒடுக்க மாட்டான் என்று நம்புவோர் படித்துத் தெளியட்டும்.

இத்தகைய ஏடுகளை நாடு எவ்வாறு வரவேற்றது? இஸ்மத் சுக்தாய் 1942இல் உருது மொழியில் ‘லிஹாஃப்’ என்ற சிறுகதையை எழுதினார். கணவனால் புறக்கணிக்கப்பட்ட சீமாட்டிக்கும் அவள் பணிப்பெண்ணுக்கும் இடையே நிகழ்ந்ததை, ஒரு சிறுமியின் கண்ணால் சொன்ன கதை. ஆபாசம் என்று லாகூர் நீதிமன்றத்தில் வழக்கு! ஆபாசமான சொல் ஒன்றைக்கூடக் காட்ட முடியாமல் வழக்குத் தோற்றது. நம் கொங்கிலோ, பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்து, 2014இல் திருச்செங்கோட்டில் கொளுத்தப்பட்டது. பிள்ளையில்லாத் தம்பதியின் துயரைச் சொன்ன நூல் அது, பால்புதுமையர் கதையன்று. ஆனாலும் பிள்ளைப்பேறு, வம்சம், சாதிப்பெருமை என்னும் மூன்று நரம்பையும் அது தொட்டது. எழுதியவர் தம் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்றே அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தபிறகே பேனா மீண்டும் எழுந்தது. காகிதத்துக்கு அஞ்சுகிறது சாதி! அஞ்சுகிற இடத்தில்தானே நாம் அடிக்க வேண்டும்?

இரண்டாவது எதிர்ப்பு: “இவை அழுகைக் கதைகள், காயத்தைக் கிளறுகின்றன, வீரம் ஊட்டுவதில்லை.” நண்பரே, காயத்தை மூடிக் கட்டி, மேலே மாலை போட்டால் புண் ஆறுமா? அடி வாங்கிய பிள்ளை, அன்பு காட்டும் கையைக் கண்டும் அஞ்சி ஒதுங்கும். நெடுநாள் பொய் சொல்லி உயிர் காத்தவர், உண்மை சொல்லக் கிடைத்த இடத்திலும் வாயடைத்து நிற்பார். விரட்டப்பட்டவரின் உள்ளத்தில் நிகழ்வது இது. சட்டம் இதைச் சொல்லாது, புள்ளிவிவரம் சொல்லாது, கதைதான் சொல்லும். அதை அறியாமல், ‘வா தோழா, துணிந்து நில்’ என்று தோளைத் தட்டினால், தட்டியது நமக்குத் துணிச்சல். அவருக்கு இன்னோர் அடி!

ஆனால் ஒன்று. புண்ணைக் காட்டிக் காசு சேர்க்கும் எழுத்தும் உண்டு. திருநங்கை என்றால் அழ வேண்டும், இறுதியில் சாக வேண்டும், படிப்பவர் ‘ஐயோ பாவம்’ என்று பெருமூச்சு விட்டுப் பக்கத்தை மூட வேண்டும் என்ற வகை. அது பரிவன்று, பிச்சை. எந்தக் கதையில் காயம்பட்டவர் சமைக்கிறாரோ, சண்டை போடுகிறாரோ, சிரிக்கிறாரோ, பிறருக்குக் காவலாக நிற்கிறாரோ, அந்தக் கதையைத் தேர்ந்தெடுங்கள்.

மற்றொன்றையும் மறைக்காமல் கூறுகிறோம். விரட்டப்பட்டோர் கட்டிய வீடெல்லாம் பொன்னுலகம் என்று நாம் பூசை போட வரவில்லை. குரு, சேலா என்ற மரபு கொண்ட அந்த இல்லங்களிலும் அதிகாரம் உண்டு, அபராதம் உண்டு, அடியும் உண்டு. ரேவதியும் வித்யாவும் அதையும் எழுதியுள்ளனர்; அதனாலேயே அவர்கள் எழுத்தை நம்புகிறோம். பழைய கோயிலை இடித்துவிட்டுப் புதிய கோயில் எழுப்புவது பகுத்தறிவாகாது. வீட்டின் சிறப்பை எதைக்கொண்டு அளப்பது? கூரையின் உயரத்தைக் கொண்டன்று, கதவைக் கொண்டு. விரும்பி உள்ளே வர முடிகிறதா? விரும்பாதபோது வெளியே போக முடிகிறதா? உள்ளிருக்கும்போது உண்மை பேச முடிகிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் அது குடும்பம். இல்லையென்றால், பெற்றவர் நடத்தினாலும் மற்றவர் நடத்தினாலும் அது பட்டி!

இந்த அளவுகோல் நமக்குப் புதிதா? புரோகிதர் வேண்டாம், மனமொத்த இருவரின் உறுதிமொழியே மணம் என்று முழங்கி, 1967இல் சட்டமன்றத்தில் அதைச் சட்டமாக்கிய நாடு இது. மணத்துக்கு அடிப்படை மனம் என்றோம். குடும்பத்துக்கும் அதுவே அடிப்படை என்று அடுத்த அடி எடுத்து வைக்கக் கால் கூசுவானேன்? நாம் கூசி நிற்கையில் நீதிமன்றம் நடந்துவிட்டது. தோழியோடு வாழ விரும்பிய இருபத்தைந்து வயதுப் பெண்ணை வீட்டார் பிடித்து வைத்திருந்த வழக்கில், 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் அவளை விடுவித்தது. குடும்பம் அமைய மணம் ஒன்றே வழியன்று, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பமே என்றும் கூறியது.

மூன்றாவது எதிர்ப்பு நம் பாசறைக்குள்ளிருந்தே வருகிறது. “நாட்டில் எத்தனையோ சிக்கல் இருக்க, இதற்கென்ன அவசரம்?” அவசரம் என்னவென்று, தோழரே, நம் மேடைகளையே கேட்டுப் பாருங்கள். எதிரியை இழித்துரைக்க நாம் எடுக்கும் சொல் என்ன? பேடி! போராட்டத்தில் கோழையென்று காட்ட நாம் அனுப்பும் பொருள் என்ன? வளையலும் சேலையும்! பெண் விடுதலை பேசிய வாயே, பெண்ணுடையை இழிவின் சின்னமாக்குகிறது. 2008இல் நாட்டுக்கே முன்மாதிரியாகத் திருநங்கையர் நல வாரியம் கண்ட தமிழகத்தில், ‘திருநங்கை’ என்று அரசாணையில் எழுதிவிட்டு, தேநீர்க் கடையில் பழைய வசவையே பேசிக்கொண்டிருப்பதா?

வகுப்பறையைப் பாருங்கள். ஒன்பது என்பது ஓர் எண். பள்ளிகளில் வருகைப் பதிவு வாசிக்கையில் ஒன்பதாம் எண் வந்தால் பின்வரிசையில் நமட்டுச் சிரிப்பு எழுகிறது. அந்த எண்ணுக்குரிய பிள்ளை தலைகவிழ்கிறது. கணக்கையே வசவாக்கிவிட்ட சமூகம் இது! அந்தச் சிரிப்பு பாடநூலில் இல்லை. வீட்டிலிருந்தும் திரைப்படத்திலிருந்தும் வந்தது. அதை மாற்றப் பிரம்பால் முடியாது. அந்தப் பிள்ளையின் உள்ளத்துக்குள் ஒருமுறை நுழைந்து பார்த்தவன் சிரிக்க மாட்டான். நுழைய வழி கதைதான்.

கற்க வெட்கமா? உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தன்பால் காதலர் இருவரின் வழக்கு தம்முன் வந்தபோது, இதில் தமக்குப் போதிய தெளிவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். உளவியல் அறிஞரிடம் அமர்ந்து கற்றார். அதன்பின் 2021 ஜூன் 7ஆம் நாள், இத்தகையோரை ‘மருத்துவம்’ என்ற பெயரில் மாற்ற முயல்வதைத் தடைசெய்து ஆணையிட்டார். நீதியின் நாற்காலியே மாணவனாகக் கீழே இறங்கி அமர்ந்தது. முச்சந்தித் திண்ணையில் இருக்கும் நமக்கு இறங்க என்ன தடை?

ஆகவே, தோழர்களே, செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறோம். ஊர்ப் படிப்பகத்தில் இந்நூல்களை வாங்கி வையுங்கள். பூட்டிய அலமாரியில் வேண்டாம், நாளேடு கிடக்கும் மேசைமேல் வையுங்கள். மாதக் கூட்டத்தில் ஓர் அத்தியாயத்தை உரக்கப் படியுங்கள். மணவிழாவுக்கு நூல் பரிசளிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்தப் பொட்டலத்தில் இவற்றில் ஒன்றைச் சேருங்கள். அந்த வீட்டில் பிறக்கப் போகும் பிள்ளை யாரென்று எவருக்குத் தெரியும்? மேடையில் பேடி என்ற சொல் எழுந்தால், அங்கேயே எழுந்து மறுத்துப் பேசுங்கள். பேசுபவர் தலைவரே ஆனாலும்!

நெல் அரைக்கும் ஆலையிலோ, கொப்பரை உலர்த்தும் களத்திலோ, திருப்பூர்ப் பனியன் கம்பெனியின் விடுதியிலோ, இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர், தம் உள்ளத்தில் உள்ளதை எவரிடமும் சொல்லாமல் பத்து ஆண்டு கழித்திருக்கலாம். அவருக்கு நாம் வைக்கும் வாதம் எதுவுமில்லை; இந்த ஏடுகளின் முகவரியும் நம் படிப்பகத்தின் திறந்த கதவுமே உண்டு. மற்றவர்க்குச் சொல்வது இது: உம் வீட்டின் கதவைத் தட்டுமுன்பே அந்தப் பிள்ளை உம் முகத்தைப் படித்துவிடுகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் நீர் படித்துப் பாரும்!